மஞ்சள் மூடி

3 ஜூன் 2024, திங்கள்

இன்று முதல் நான் பிடியரிசிச் சங்கத்தின் செயலாளர். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவனின் அருமை ஊருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. வடிவிடம் சொன்னேன். "வீட்டுல குடையை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாது, ஊர் அரிசியைப் பாத்துக்கிடப் போறியளாக்கும்?" என்றாள். மனைவி வாயால் வாழ்த்து வாங்க ஒரு யோகம் வேண்டும்.

சங்கத்துக்கு இது ஐம்பதாவது வருஷம். ஆகஸ்டில் விழா. விழா மலரில் சங்கத்தின் வரலாற்றையும் அதனால் ஊருக்கு விளைந்த நன்மையையும் நான்தான் எழுத வேண்டுமாம். அதற்காகவே இந்த நோட்டு.

முதலில் நடைமுறையைக் குறித்துவிடுகிறேன். ஆற்றுப்புதூரிலும் சுற்றியுள்ள பதினோரு ஊர்களிலும், சங்கத்தில் சேர்ந்த வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒரு தூக்குவாளியில் போடுவார்கள். சனிக்கிழமை காலை சங்கத்தின் லோடு ஆட்டோ வரும். ஒவ்வொரு வீடும் ஒரு வாளியைக் கொடுத்து இன்னொரு வாளியை வாங்கிக்கொள்ளும். இருக்கிற வீடு அரிசி வாளியைக் கொடுத்துக் காலி வாளியை வாங்கும். இல்லாத வீடு காலி வாளியைக் கொடுத்து அரிசி வாளியை வாங்கும். எல்லா வாளியும் ஒரே அச்சு, எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு எந்த வீடு கொடுக்கிறது, எந்த வீடு வாங்குகிறது என்று தெரியாது. செயலாளருக்கும் டிரைவர் மாசானத்துக்கும் மட்டும் தெரியும்.

மாசானம் இருபது வருஷமாக அத்தனை வீட்டையும் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறான். எந்த வாளியிலும் ஒரு சீட்டு, ஒரு எண், ஒரு அடையாளம் கிடையாது. கேட்டதும் எனக்குக் கை அரித்தது.

8 ஜூன், சனி

மாசானத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒன்றரை மாதம் எடை தூக்கக் கூடாது. பதிலுக்கு வந்த டிரைவர் வெளியூர்க்காரன். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற சிவசைலம் வீட்டில் அரிசி வாளியைக் கொடுத்துவிட்டு, எங்கள் எதிர்வீட்டுத் தங்கபுஷ்பத்துக்குக் காலி வாளியைக் கொடுத்துவிட்டான். இப்படி நாற்பது வீடுகள். வெயிலில் வீடு வீடாக ஏறி மாற்றிக் கொடுத்தேன். செருப்பு அறுந்தது.

தங்கபுஷ்பத்தின் புருஷன் செல்வின் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கையில் இருக்கிறான். அவள் ஜாக்கெட் தைத்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். ரேஷன் கார்டு இன்னும் மாமியார் வீட்டில், கொழுந்தன் கையில். அந்த அரிசி அங்கேயே பொங்கித் தீர்கிறது. 'ரேஷன்தான் இருக்கே, சங்கம் எதுக்கு' என்று கேட்கிறவர்களுக்கு இப்படி நூறு வீட்டுக் கதை சொல்லலாம். சொல்லத்தான் கூடாது. அவள் சங்கத்தில் வாங்குகிறாள் என்பது எதிரே குடியிருக்கும் வடிவுக்கே தெரியாது.

9 ஜூன், ஞாயிறு

குளிக்கும்போது யோசனை வந்தது. மூடி! கொடுக்கிற வீட்டுக்கு வெள்ளை மூடி, வாங்குகிற வீட்டுக்கு மஞ்சள் மூடி. எந்த ஊர் டிரைவர் வந்தாலும் தவறவே முடியாது. ஐம்பது வருஷமாக இது ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே!

தலைவருக்குப் போன் போட்டேன். "நீங்க செஞ்சாச் சரியாத்தான் இருக்கும், ஆவுடையப்பன்" என்றார். தலைவர்கள் இப்படித்தான் இருக்க வேண்டும்.

15 ஜூன், சனி

புது மூடிகள். ஒரு தவறு இல்லை. வழக்கத்தைவிட நாற்பது நிமிஷம் முன்னதாகவே வண்டி திரும்பிவிட்டது. டிரைவர் கும்பிடாத குறை.

வடிவு மட்டும் வாசலில் நின்று எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, "புஷ்பம் வீட்டுக்கு மஞ்சள் மூடி ஏன்?" என்று கேட்டாள். சங்க விஷயம், சொல்லக் கூடாது என்றேன். "சொல்லாமலேதான் தெரிஞ்சிட்டே" என்றாள்.

16 ஜூன், ஞாயிறு

மலருக்கு எழுதத் தொடங்கினேன். சங்கத்தை ஆரம்பித்தவர் கம்பவுண்டர் தாவீது. 1974இல் மழை பொய்த்தபோது வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் கூட்டமாக வந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு வியாதியே இல்லை, பசி. அவர் மருந்துப் பாட்டிலில் கலர்த் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க மனம் வராமல், அந்தச் சனிக்கிழமையே மாட்டுவண்டியில் இருபது தூக்குவாளிகளோடு தெருவில் இறங்கிவிட்டார். வண்டி ஓட்டியது மாசானத்தின் அப்பா.

எங்கள் வீடும் முதல் வருஷத்திலிருந்தே சங்கத்தில் உண்டு. எனக்கு அப்போது பத்து வயது. வாளி கொண்டுபோவது என் வேலை. போகும்போது வாளியை வீசிக்கொண்டு ஓடுவேன். வரும்போது இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, முழங்காலில் இடிக்க இடிக்க நடப்பேன். 'கொடுத்துப் பழகிய குடும்பத்தில் பிறந்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு' என்று முடித்தேன். நன்றாக வந்திருந்தது.

வடிவு வாசித்துவிட்டு, "கொடுக்கப் போற வாளிதானே கனமா இருக்கணும்?" என்றாள். இவளுக்கு எதையாவது நோண்டாமல் இருக்க முடியாது. முழங்கால் வரியை அடித்துவிட்டேன்.

22 ஜூன், சனி

மூன்று மஞ்சள் வீடுகள் வாளியை வாங்கவில்லை. அதில் ஒன்று தங்கபுஷ்பம். நானே போய்க் கேட்டேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "தையல் நல்லாப் போகுது அண்ணாச்சி. இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றாள். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.

29 ஜூன், சனி

பதினொரு வீடுகள் வேண்டாம் என்றுவிட்டன. மலரில் 'சமூக முன்னேற்றம்' என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டேன்: 'கடந்த இரண்டே வாரங்களில் பதினொரு குடும்பங்கள் சங்கத்தின் உதவி இனித் தேவையில்லை என்று பெருமிதத்தோடு அறிவித்துள்ளன.'

30 ஜூன், ஞாயிறு

எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எண்ணினேன், ஏழு. "பாத்தியா, பொங்கித் தள்ளுதாக" என்று வடிவிடம் சொன்னேன். அவள் ஒரு கிண்ணத்தில் சாம்பார் எடுத்துக்கொண்டு போனாள். கிண்ணம் நிறையத் திரும்பி வந்தாள். இப்போதுதான் சாப்பிட்டு முடித்தார்களாம்.

"அடுப்படி வரைக்கும் போயிட்டேன். குக்கர்ல வெறும் தண்ணிதாங்க இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடச் சாப்பாடும் கிடையாதுல்லா."

வெந்நீர் வைத்திருப்பாள் என்றேன். செல்வினுக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

1 ஜூலை, திங்கள்

புஷ்பத்தின் சின்னவள் பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாளாம். எட்டாம் வகுப்பு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் காலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மின் கட்டணம் கட்டினேன். செருப்புத் தைக்கக் கொடுத்தேன்.

6 ஜூலை, சனி

பத்தொன்பது வீடுகள்.

சாயங்காலம் மாசானம் வந்தான். வயிற்றில் பெல்ட், கையில் ஒரு மஞ்சள் மூடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இது யாரு யோசனை அண்ணாச்சி?"

"என் யோசனைதான். ஒரு தப்பு நடக்கலையே."

"எங்கப்பா வண்டியில கம்பவுண்டர் ஐயா எதுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே வாளி வாங்கிப் போட்டாரு? காசு மிச்சம் பிடிக்கவா? காலி வாளியைக் கொண்டாறவ அடியில கை குடுத்துத்தான் தூக்கிட்டு வருவா, நிறைவாளி மாதிரி. நான் அதை வாங்கும்போது 'அம்மாடி, என்ன கனம்!' னு முனகுவேன். இருபது வருசமா முனகியிருக்கேன். குடலு எறங்கினது அரிசியிலன்னு நினைச்சியளா? பாதி நடிப்புல."

சிரிப்பதா என்று தெரியாமல் நான் விழித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அத்தனை வீட்டையும் தெருவுல நிறுத்தித் துணியை உருவிட்டியளே."

மூடியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

7 ஜூலை, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

விசில் ஐந்து.

11 ஜூலை, வியாழன்

மஞ்சள் மூடி எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, பழைய மூடிகளையே போட்டாயிற்று. தலைவரிடம் சொன்னேன். "அப்ப இதுவும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பழைய மூடி போட்ட அரிசி வாளியோடு தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன். மெஷினிலிருந்து எழுந்திருக்காமலே பேசினாள்.

"மூடியை மாத்திட்டிய. பாத்த கண்ணை என்ன செய்வீக? ஜாக்கெட் தைக்கக் குடுக்க வாரவங்க இப்பக் கூலியைக் கேக்கறதில்ல அண்ணாச்சி. 'பாவம், வச்சுக்கோ'ன்னு துணியோட பழைய சேலையும் சேத்துக் குடுக்காக. மூத்தவகிட்ட வகுப்புல ஒருத்தி, 'உங்க வீட்டுச் சோத்துல எங்க அரிசி இருக்கு'ன்னு சொல்லியிருக்கா."

"அரிசியை மட்டும் வாங்கிக்கம்மா. பிள்ளைக முகத்தைப் பாரு."

"பிள்ளைகதான் வேண்டாங்குது."

உள்ளே செல்வின் இருமினான். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். தெரு முழுக்க என்னைப் பார்ப்பது போலிருந்தது. வெறும் இருபதடி தூரம்.

வடிவு இரவு எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

13 ஜூலை, சனி

ஒரு முடிவோடு எழுந்தேன். எடுத்து வைத்திருந்த ஒரு மஞ்சள் மூடியை என் வீட்டுக்குத் தரும் அரிசி வாளிக்குப் போடும்படி டிரைவரிடம் சொன்னேன். இந்த வாரம் செயலாளர் வீடே வாங்குகிற வீடு. தெரு பார்க்கட்டும். செயலாளரே வாங்கினால் மஞ்சளில் என்ன இழிவு என்று எல்லாரும் நினைப்பார்கள். தங்கபுஷ்பத்துக்கும் மனசு ஆறும். நன்றாகத்தான் யோசித்திருந்தேன்.

ஆட்டோ வந்தது. மஞ்சள் மூடி வாளியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். நல்ல கனம். சிவசைலம் தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சார், உங்க வீட்டுக்குமா?" என்று சும்மாதான் கேட்டார். கேலிகூட இல்லை.

"சே சே, எனக்கில்ல சார்" என்றேன். என் வலது கை தானாக எழுந்தது. "எதிர்வீட்டுக்கு" என்று காட்டினேன்.

தங்கபுஷ்பம் அவள் வாசலில் நின்றிருந்தாள். கையில் தண்ணீர்க் குடம். என் விரலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குடத்தை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

14 ஜூலை, ஞாயிறு

இதை எழுதாவிட்டால் இந்த நோட்டு வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

அந்த விரல் நீண்டது நேற்று முதல்முறை அல்ல. 1974இல் அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை போய்விட்டது. நாங்கள் வாங்குகிற வீடு. அது எனக்கு அன்றைக்கே தெரியும். எந்த வாளி கனம், எந்த வாளி கனமில்லை என்று தெரியாமல் போக நான் என்ன மாங்காய் மடையனா? ஐந்தாம் வகுப்பில் தர்மர் என்ற பையன், "வரும்போது ஏம்ல இழுத்துக்கிட்டு வாரே? நீங்க வாங்கித் திங்கிறியளோ?" என்று கேட்டான். நாலு பேர் நின்றார்கள். நான், "எங்க வீட்டுக்கில்ல, கனகு வீட்டுக்கு. அவங்கதான் வாங்குதாக" என்று சொன்னேன். கனகுவும் அங்கேதான் நின்றிருந்தான். அவர்களும் வாங்குகிற வீடுதான். வண்டியருகே அவன் வாளியைத் தூக்க முடியாமல் தூக்குவதைப் பார்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து வாளி வரவில்லை. அரைப் பரீட்சைக்குக் கனகு வரவில்லை. மதுரைப் பக்கம் ஏதோ கடையில் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். நான் அந்தப் பரீட்சையில் முதல் மார்க்.

ஐம்பது வருஷம் இதை நினைக்கவில்லை என்று எழுத வந்தேன். பொய். நினைத்திருக்கிறேன். நினைத்தபோதெல்லாம் வேறு வேலை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் உடம்புக்குள் மிச்சமிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மலரில் எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கிழித்தேன். பதினொரு குடும்பங்களின் பெருமிதத்தையும் கிழித்தேன். வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கனகுவுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள். என் வயதுதான் என்றேன்.

20 ஜூலை, சனி

மறுபடியும் மஞ்சள் மூடி. இன்று சிவசைலம் கேட்கவில்லை, நானே அவர் முன்னால் போய் நின்று சத்தமாகச் சொன்னேன்: "எங்க வீட்டுக்குத்தான் சார். வீட்டுல அரிசி இல்ல. சின்ன வயசுலயும் இந்தச் சங்கத்துச் சோறு தின்னு வளந்தவன்தான் நான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டார். "எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு! இதை விழாவுல மேடையிலயே சொல்லணும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். அடுத்த வாரம் தன் வீட்டுக்கும் ஒரு மஞ்சள் மூடி வேண்டும் என்கிறார் சிவசைலம்.

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

21 ஜூலை, ஞாயிறு

தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன். என்னை மன்னித்துவிடு என்று நேராகவே கேட்டேன். கனகுவைப் பற்றியும் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க 'ஆமா, இல்லாதவன்'னு சொன்னா மாலை போடுதாக அண்ணாச்சி. நான் சொன்னா பழைய சேலை குடுக்காக. ரெண்டும் ஒண்ணா?"

"இல்லம்மா."

"உங்களால வெளையாட்டுக்குக்கூட என் இடத்துக்கு வர முடியாது. அரிசி மூட்டை உள்ள இருக்கு, பென்சன் வருது. அந்த மூடியை உங்க தலையிலயே வச்சுக்கிட்டு நின்னாலும் ஒருத்தன் நம்பமாட்டான்."

"நான் என்ன செய்யணும், சொல்லு. செய்யுதேன்."

"எனக்கு என்ன தெரியும்? செஞ்சது நீங்க."

சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. மணிக்கட்டு குச்சியாக இருந்தது. நான் எழுந்திருக்கும்போது தங்கபுஷ்பம் மகளைப் பார்த்தாள், பிறகு என் துண்டைப் பார்த்தாள்.

24 ஜூலை, புதன்

தலைவரிடம் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தேன். "விழா முடியட்டுமே" என்றார். இதையும் சரியாத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

27 ஜூலை, சனி

மாசானம் வண்டியில் உட்கார்ந்து வந்தான், தூக்குவதற்கு வேறு ஆள். எல்லாம் பழைய மூடி. சிவசைலத்துக்கு மஞ்சள் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். எல்லார் வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

நான் எங்கள் வீட்டு வாளியைக் கொடுக்கப் போகும்போது தங்கபுஷ்பம் தெருவைக் கடந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கையில் சங்கத்து வாளி இல்லை, அவள் வீட்டு எவர்சில்வர் சம்படம். என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி! வீட்டுல அரிசி இல்லைன்னு போன வாரம் சொன்னிய."

தெருவுக்கே கேட்கிற குரல். நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"ஆமாம்மா" என்றேன்.

"தையக்கூலியில நான் வாங்கின அரிசி. பிள்ளைகளுக்குப் போக மிச்சம். பிடிங்க."

கை நீட்டினேன். சம்படத்தைத் தரவில்லை. "ஏந்துங்க" என்றாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தேன். வாழ்க்கையில் இதுவரை நான் யார் முன்னாலும் துண்டு விரித்ததில்லை. ஒரு பிடி போட்டாள். இன்னொரு பிடி போட்டாள். பிள்ளைகளுக்குப் போக மிச்சம் ஏது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் மறுபடியும் நான் கொடுக்கிறவனாகிவிடுவேன். சொல்லவில்லை. துண்டு நுனியிலிருந்து நாலைந்து அரிசி கீழே சிந்தியது. குனிந்து பொறுக்கினேன். யாரும் போட்டோ எடுக்கவில்லை. சிவசைலம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பத்துமா அண்ணாச்சி?"

தலையை ஆட்டினேன்.

"காதுல விழல."

"பத்தும்மா" என்றேன், தெருவில் எல்லாருக்கும் கேட்கும்படி.

அதன் பிறகுதான் அவள் ஆட்டோவுக்குப் போய், மாசானத்திடம் தன் வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.